எண்பத்து மூன்று போன்களின் ஓட்டு

கோச்சடையில் எங்கள் தெருவில் முப்பத்தேழு வீடுகள். எதிர்வீட்டுப் பெண் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்தபோது, வீடு வீடாக ஏறி இறங்கி, எண்பத்து மூன்று போன்களிலிருந்து அவளுக்கு ஓட்டுப் போட வைத்தவன் நான். ஜெயித்தாள். பட்டாசுப் புகையில் எனக்கு இரண்டு நாள் இருமல்.

அதன்பிறகு சினிமாவில் அவளுக்குக் கிடைத்தது ஒரே பாட்டு. அதிலும் கோரஸில் ஆறு பேரில் ஒருத்தி. மற்றதெல்லாம் திருவிழா மேடைகள். சோழவந்தான் பக்கம் போனால் ஒரே மூச்சில் இருபது பாட்டு. வீட்டில் இருக்கும் நாட்களில் தெரு விடாது. காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு. "நாங்க ஓட்டுப் போடலைன்னா நீ ஏதுத்தா?" என்பார்கள். பதினான்கு மாதத்தில் தெருவுக்கு மட்டும் நாற்பத்தொரு விசேஷங்களில் பாடினாள்.

குரல் கம்மியது. குரல்நாணில் கட்டி, ஆறு வாரம் பேசவே கூடாது, பாடினால் குரலே போய்விடும் என்றார் டாக்டர். அவளுடைய அம்மா என்னிடம் வந்தார்.

"சார், ஓட்டுக் கேட்டது நீங்கதான். நீங்க சொன்னா கேப்பாக. கொஞ்ச நாளைக்குக் கூப்பிட வேணாம்னு சொல்லுங்க."

சொன்னேன். "விரல் தேய அமுக்குனது நாங்க, தொண்டை கட்டுனது அவளுக்கா?" என்று கேலி செய்தார் முனைவீட்டுக்காரர். ஆனாலும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் எனக்கு எண்பதாம் கல்யாணம். அழைப்பிதழில் அவள் படத்தைப் போட்டு முந்நூறு பிரதி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஒரே பாட்டு, மெதுவாகப் பாடினால் போதும் என்று நானே போய்க் கேட்டேன். பேசக் கூடாதென்பதால் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு பாட்டு முடிந்ததும் தெருக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். "சாருக்கு மட்டுந்தானா? எங்களுக்கும் பாடுத்தா!" அவள் என்னைப் பார்த்தாள். நான் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். போதும் என்று கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. நான்காவது பாட்டில், சரணத்தின் மூன்றாவது வரியில், உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது.

"மைக்கைப் பாரு மாப்ள, புடுங்கிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு கிசுகிசுப்பாக வந்தது, பாட்டு வரவில்லை. இப்போது திருப்பரங்குன்றத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். என் காதில் குறையில்லை. இருந்தும், "என்னம்மா?" என்று இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை அவள் சொல்லவில்லை. என் பையை வாங்கிக்கொண்டு பஸ் படியைக் காட்டினாள்.