சாமித்தட்டில் ரோமராசா

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே, ரோமராசா ஒருவர் சில வாரங்கள் குடியிருந்தார். கொண்டுவந்து வைத்தவள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் எங்கள் வகுப்பை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். கண்ணாடிக்குள் கறுத்துப்போன, ரோமர் காலத்துச் சின்னச் சின்ன வெள்ளிக்காசுகள். போரில் வென்றால் ராசா இப்படிக் காசு அடித்து ஊரெல்லாம் பரப்புவாராம். ஆசிரியை சொன்னதில் எனக்கு அவ்வளவு போதும். வெற்றிக் காசு என்றால் வெற்றி தருகிற காசுதானே! அதே அச்சில் செய்த தகரக் காசு ஒன்றை அங்கேயே கடையில் வாங்கிவிட்டேன்.

அம்மாவுக்காகத்தான் வாங்கினேன். வன்னியில் இருந்த சித்தியின் குரலைக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. சண்டை முடிந்துவிட்டது, ராணுவம் வென்றுவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்ன பிறகும் சேதி இல்லை. தொலைபேசி மணி அடித்தால் அம்மாவின் கையில் இருப்பது கீழே விழும்.

அம்மா காசைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் ராசாவின் தலை. மறுபக்கம், கவசமும் கேடயமும் தொங்கும் கம்பத்தின் அடியில், ஒரு பெண் தலைகுனிந்து தரையில் இருந்தாள்.

“இவ ஆர் பிள்ளை?”

“வெற்றித் தேவியாக்கும்.”

“வெண்டவள் இப்பிடி இருக்கமாட்டாள்,” என்றார் அம்மா.

ஆனாலும் அந்தப் பெண் மேலே தெரியும்படி தட்டில் வைத்து, அவளுக்குக் குங்குமமும் வைத்தார். எனக்குப் பொல்லாத கோபம். வென்றவரைக் குப்புறப் போட்டுவிட்டு, யாரோ ஒருத்திக்குப் பொட்டா? அம்மா வேலைக்குப் போனதும் காசைத் திருப்பிவைப்பேன். அடுத்தநாள் அது மறுபடி புரண்டிருக்கும்.

“உந்த ராசாவுக்கு முதுகு நோகப்போகுது,” என்று அப்பா பகிடிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை தொலைபேசி வந்தது. பேசியது சித்தியல்ல, சித்தியைக் கண்ட ஒருவர். சித்தி உயிரோடு இருக்கிறா, ராணுவ முகாமில் முள்ளுக்கம்பிக்குள் வைத்திருக்கிறார்கள், வெளியே விடுகிறார்கள் இல்லை என்றார். அம்மா சமையலறைத் தரையிலேயே இருந்து அழுதார். எனக்கோ ‘உயிரோடு’ என்பதுதான் பெரிதாகப் பட்டது. ஓடிப்போய்க் காசை எடுத்துவந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“பாத்தீங்களோ அம்மா? ராசா வெண்டிட்டார்!”

அம்மா கையை ஓங்கினார். அதுவரை ஒருநாளும் என்னை அடித்தவரில்லை. நான் பயந்துபோய் நின்றேன். ஓங்கிய கை மெல்ல இறங்கி என் தலையைத் தடவியது.

“ஓம் பிள்ளை. அவர் வெண்டிட்டார்.”

அம்மாவே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதித்தேன். சித்தியைக் கெதியாக வெளியே விடவேண்டும் என்று, அன்று முழுக்க அந்த ராசாவைத்தான் கும்பிட்டேன்.