நாளுக்கு முப்பது ரூபாய்

முத்துச்செல்வி கணக்கில் எம்.எஸ்சி. படித்தவள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். படித்து என்ன, ஒரகடத்தில் ஒரு கம்பெனி லைனில் ஆறு வருஷம் நின்றுகொண்டே ஸ்குரூ முடுக்கினாள். கான்ட்ராக்ட் வேலை, நாள் கூலி. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதும் வேலையை விட்டுவிட்டு, பிள்ளைப்பாக்கத்தில் தானும், அதே மாதிரி நாள் கூலிக்குப் போகிற புருஷன் மாரிராஜும் குடியிருந்த வாடகை வீட்டு முன்னறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் ஆரம்பித்தாள்.

ஆரம்பித்த அன்றைக்கே அந்தத் தப்பையும் செய்தாள். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்ட முதல் அம்மாவிடம், "நாளுக்கு முப்பது ரூவா, வந்த நாளுக்குக் கொடுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டாள். உலகத்தில் எந்த டியூஷன் டீச்சராவது இப்படிச் சொல்வாளா? ஆனால் ஆறு வருஷம் நாள் கூலி வாங்கிய கைக்கு வேறு எது நியாயமாகத் தெரியும்? ஷிஃப்ட் மாறி மாறி அல்லாடுகிற ஜனம், பிள்ளையை அனுப்ப முடியாத நாளுக்கு எதற்குப் பணம் கட்டவேண்டும் என்று இரக்கப்பட்டாள். நல்ல மனசுதான். நல்ல மனசு வாடகை கட்டுமா?

பதினாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள். முதல் மாதம் அறை நிறைந்து கிடந்தது. அப்புறம் பார்த்தால், புதுப் பாடம் தொடங்குகிற அன்றைக்கு வருகிற பிள்ளை, பயிற்சிக் கணக்குப் போடுகிற அன்றைக்கு வராது. அந்த முப்பதிலும் பேரம். "அரை மணி லேட்டா வந்தான், இருபது வச்சிக்கோ மிஸ்" என்பார்கள். போன மாதம் மொத்தமாகக் கைக்கு வந்தது மூவாயிரத்துத் தொள்ளாயிரம். வீட்டு வாடகையே ஐயாயிரத்து ஐநூறு.

மாரிராஜ் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏட்டி, கான்ட்ராக்டர் உன்னைய திங்கக்கிழமை லைனுக்கு வரச் சொல்லுதாரு. டியூஷன்ல மாசம் ஒம்பதாயிரம் வரும்னா நீ போவாண்டாம். இல்லன்னா வேற வழி இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு."

மறுபடியும் அந்த லைனில் போய் நிற்பதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டாள். இந்த மாதத்திலிருந்து மாதத்துக்கு எழுநூறு ரூபாய், லீவு போட்டால் கழிக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டிவிடுங்கள். போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அம்மாக்கள் எல்லாரும் சேர்ந்தே வந்தார்கள். தனித்தனியாக வந்தால் சமாளித்திருப்பாள். முன்னால் நின்றது செங்கமலம். அவள்தான் வீட்டுக்காரி. நிலத்தை விற்று வரிசையாக எட்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டவள். அவள் மகன் பிரவீனும் இங்கேதான் படிக்கிறான். பக்கத்தில் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற காவேரி, தென்றலின் அம்மா. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒரு நாள் போவலன்னா கம்பெனில எங்களுக்கு சம்பளத்த கட் பண்றாங்க. உன் புருசனுக்கும் அப்டிதான். நீ மட்டும் மாசக் கணக்கு கேக்குறியே, இது இன்னா நாயம்?"

அது முத்துச்செல்வியே முதல் நாள் சொன்ன நியாயம்.

"ஐநூறுன்னு முடிச்சிக்கோம்மா" என்றாள் செங்கமலம், பெரிய மனசு பண்ணுகிறவள் போல. "வராத நாள கழிச்சிக்கோ. நா சொன்னா எல்லாரும் ஒத்துப்பாங்க."

தலையை ஆட்டினால் அதே பள்ளம்தான், திங்கட்கிழமை லைன்தான். அவளிடம் ஒரு பதில் இருந்தது. சொன்னால் வீட்டுக்காரிக்குச் சுரீர் என்று உறைக்கும். வீட்டை விட்டே போகச் சொன்னாலும் சொல்வாள். சொல்லியே விட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. பொங்கலுக்கு நாங்க பன்னெண்டு நாள் ஊருல இருந்தோம். வாடகையில கழிச்சீங்களா?"

வந்திருந்தவர்களில் ஐந்து பேர் செங்கமலத்தின் வீடுகளில் குடியிருப்பவர்கள். அவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"கழிக்கல. கழிக்கவும் வேண்டாம். நாங்க இல்லாட்டியும் வீட்டை எங்களுக்குன்னுதான வச்சிருந்தீங்க? நானும் அப்படித்தான். பிள்ளை வந்தாலும் வராட்டியும் அதுக்குன்னு எடத்தை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

செங்கமலத்தின் முகம் கறுத்தது.

"ஓகோ. வாடகையே பேசலாம். நா குடியிருக்கத்தான் வூடு வுட்டேன், பள்ளிக்கூடம் நடத்த இல்ல. வர்ற மாசத்துலேர்ந்து ரெண்டாயிரம் கூட வை. முடியாதுன்னா வேற வூடு பாத்துக்கோ."

பயந்தது நடந்தே விட்டது. மாரிராஜிடம் என்ன சொல்வது? ஆனால் இத்தனை வருஷம் கணக்குப் படித்த வாய் சும்மா இருக்குமா, அதுபாட்டுக்கு வகுத்துவிட்டது. அதைத் தைரியம் என்று சொல்லமாட்டேன், பழக்கம்.

"சரிக்கா. ரெண்டாயிரத்தைப் பதினாலு பிள்ளைக்குப் பங்கு போட்டா நூத்தி நாப்பத்தி மூணு வரும். அப்ப எழுநூறு இல்ல, எண்ணூத்தி நாப்பத்தி மூணு. பிரவீனுக்கும் சேத்துதான்."

காவேரி அப்படியே செங்கமலத்தின் பக்கம் திரும்பினாள்.

"இன்னாக்கா இது, எம் பொண்ணு படிப்புல நீ வாடகை புடுங்குறியா?"

"நா அவகிட்ட பேசினு கீறேன். நீ சும்மா இரு."

"அவ எங்ககிட்டதான வாங்கப் போறா?"

டீச்சரிடம் பேரம் பேச வந்த கூட்டம் வீட்டுக்காரியிடம் பேரம் பேச ஆரம்பித்தது. தண்ணி மோட்டார் காசு, கரன்ட் யூனிட், திருப்பித் தராத அட்வான்ஸ் என்று பழைய பாக்கியெல்லாம் கிளம்பியது. இருபது நிமிஷம் தாக்குப்பிடித்தாள் செங்கமலம். கடைசியில் பிரவீனுக்கான எழுநூறை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"பழைய வாடகையே குடு. ஆள வுடுங்கடி" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். முத்துச்செல்வியின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஒவ்வொருத்தியாகக் கட்டினார்கள். ஒருத்தி மட்டும் புருஷனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டாள். அவள் திரும்பி வரமாட்டாள் என்று நடையிலேயே தெரிந்தது. பன்னிரண்டு பேர், எட்டாயிரத்து நானூறு. மாரிராஜ் கேட்டது ஒன்பதாயிரம். பாக்கி இருந்தது காவேரி ஒருத்திதான். அவளோ எல்லாரும் போகட்டும் என்று கதவோரம் நின்றாள். இவள் எங்கே கொடுக்கப்போகிறாள் என்று முத்துச்செல்விக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று.

காவேரி சுருக்குப் பையை அவிழ்த்தாள். நூறு நூறாக ஏழு நோட்டு. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், வாரத்துக்கு ரெண்டு நாள் தென்றலுக்குக் காய்ச்சல்னு சொல்வேனே, அது பொய்யி. அவளுக்கு ஒண்ணும் இல்ல. சாயங்காலம் ஆனா, இன்னிக்கு நிறுத்தினா முப்பது ரூபா மிச்சம்னு தோணும். நிறுத்திடுவேன். பைய மாட்டிக்கினு நின்னு அழுவா. ஒரு நாளு அடிச்சிட்டேன் கூட."

நாளுக்கு முப்பது என்று சொன்னவள் யார்? இரக்கம் என்று நினைத்துச் சொன்னதுதான். ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு தாயைத் தன் பிள்ளை மேல் கணக்குப் பார்க்க வைத்திருக்கிறோமே என்று முத்துச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டை வாங்கக் கை நீளவில்லை. காவேரிதான் அவள் கையைப் பிடித்து உள்ளே திணித்தாள்.

"நாளைக்கு தென்றலை அனுப்பிருங்கக்கா" என்றாள் முத்துச்செல்வி.

"நாளைக்கு இன்னா, இன்னிக்கே வரேன்றா" என்றாள் காவேரி. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமடின்னா கேக்கல. காலைலேர்ந்து பைய மாட்டிக்கினு ஒக்காந்துகினு கீறா."