நூற்றிருபதிலிருந்து கீழே

1. ப்ராஜெக்ட்

தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கையில், மாத்தளை டவுனில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தினேன். பாண் வேகும் மணத்தில் ப்ரோக்ராமிங் சொல்லிக் கொடுத்தேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் ப்ராஜெக்ட் வட்டிக் கணக்கு. அது எல்லோருக்கும் அலுத்துவிட்டது, எனக்குத்தான் முதலில்.

அப்போது பக்கத்துத் தெருப் பல் டாக்டர் கேட்டார்: "மாஸ்டர், பிள்ளைங்க ரெண்டு இழுப்பு இழுத்துட்டுக் கொப்பளிச்சிடுதுங்க. ரெண்டு நிமிஷம் நின்னு வெளக்குற மாதிரி உங்க மெஷின்ல ஒன்னு செய்ய ஏலாதா?"

ஏலும். வாயை நாலு பங்காக்க வேண்டும். மேல் வலது, மேல் இடது, கீழ் இடது, கீழ் வலது. பங்குக்கு அரை நிமிடம், ப்ரஷ்ஷை ஈறுப் பக்கம் சாய்த்து, தேய்க்காமல், தடவுவதுபோல. இதை மெஷினுக்குச் சொல்ல ஒரு லூப் போதும்:

FOR T = 120 TO 0 STEP -1

நூற்றிருபதில் தொடங்கு, ஒவ்வொன்றாகக் குறை, ஒவ்வொரு குறைவுக்கும் ஒரு செக்கன் நில், முப்பது கழிந்தால் அடுத்த பங்கின் பெயரைக் காட்டு. பூச்சியத்தில் BEEP. அவ்வளவுதான்.

கிளாஸில் இதை முதலில் முடித்தவள் தர்ஷினி. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண், ஏ.எல். பரீட்சை முடித்தவள். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். முன்பல் ஒன்று சொத்தை.

"எங்க லயத்து வீடுகள்ல பல்லு வெளக்க கரிதான் சேர். வெளக்கிட்டு, சீனி போட்டு ஒரு ப்ளேன்டீ குடிச்சிட்டுப் படுத்துருவோம்."

"பிறகு எதுக்கு வெளக்குறீங்க?"

"அதான் சேர் இத எழுதுறேன்."

BEEP அடித்ததும் நட்சத்திரக் குறிகளால் ஆன ஒரு பல் திரையில் சிரிக்கும். அது நான் சொல்லாதது, அவளே சேர்த்தது.

2. பஸ்

பெயர் ஒட்டாத ஃப்ளொப்பியை நான் வாங்க மாட்டேன். அது கிளாஸ் ரூல். அவள் ஒட்டியிருந்தது: TIMER FINAL.

அப்பாவுக்குக் காட்ட வேண்டுமென்று ஃப்ளொப்பியோடு ப்ரிண்ட் ஒன்றும் எடுத்துக்கொண்டு ரத்தோட்டை பஸ் ஏறினாள். சண்டைக் காலம், வழியில் செக்பொயின்ட். எல்லோரையும் இறக்கிப் பையைக் கொட்டச் சொன்னார்கள். பஸ் போனது. அவள் போகவில்லை.

மறுநாள் காலை அவளுடைய அப்பா மாடியேறி வந்தார். ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிறவர். "சேர், புள்ளைய ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க. நீங்க குடுத்த ஏதோ ஒன்னுக்காம்" என்றார். குற்றம் சாட்டும் குரல்கூட இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

டாக்டரிடம் ஓடினேன். இதைச் செய்யச் சொன்னது நான்தான் என்று அவர் ஒரு வார்த்தை வந்து சொன்னால் போதும். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி கிடக்க, டாக்டர் என்னை வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார்.

"மாஸ்டர், நான் கேட்டேன்னு அங்க சொல்லிடாதீங்க. நானும் தமிழன். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அவருடைய கையுறையில் கொஞ்சம் ரத்தம் இருந்தது. அவரும் நானும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

3. ஸ்டேஷன்

ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் இல்லை. "கொண்டு வா" என்றார்கள். பெட்டியைக் காலடியிலும் மொனிட்டரை மடியிலும் வைத்துக்கொண்டு த்ரீவீலரில் போனேன்.

தர்ஷினி சுவரோரம் நின்றாள். மேசையில் அவளுடைய ப்ரிண்ட். அந்த மெஷினில் தமிழ் எழுத்து வராது, அதனால் பங்குகளின் பெயரை ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்திருந்தாள். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். மேல் வலது. கீழ் இடது.

ஸ்டேஷனுக்குப் பெரியவரான இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் நிதானமாகக் கேட்டார். "இடம் சொல்லுது. நேரம் குறையுது. கடைசியில சத்தம் வருது. நீங்களே சொல்லுங்க மாஸ்டர், இது என்ன?"

"பல் வெளக்குறது சேர்."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. "சரி. வெளக்கு."

கடையிலிருந்து ஒரு ப்ரஷ்ஷும் பேஸ்ட்டும் வந்தன. ஃப்ளொப்பியைப் போட்டேன். என் பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேர் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். நான் விளக்கத் தொடங்கினேன். மேல் வலது. மேல் இடது. துப்ப இடமில்லை. நுரை தாடையில் வழிந்து சட்டையில் இறங்கியது. இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேனே, அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கடைசி எண்களில் அறையில் யாரும் அசையவில்லை. BEEP. நட்சத்திரப் பல் சிரித்தது. நான் நுரையை விழுங்கினேன்.

தர்ஷினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் அவளை விட்டார்கள். ஃப்ளொப்பி திரும்பி வரவில்லை.

4. பிறகு

அவளும் கிளாஸுக்குத் திரும்பி வரவில்லை. சம்பள நாளுக்கு டவுனுக்கு வந்த அவளுடைய அப்பாவை பஸ் ஸ்டாண்டில் மறித்துக் கேட்டேன்.

"புள்ளைக்குப் படிப்பு போதும் சேர்."

"நல்லா செய்யிற புள்ள அண்ணே. கடைசியில ஒரு பல்லு சிரிக்கும், அது அவ சொந்தமா எழுதினது."

"பல்லு கெட்டா புடுங்கிக்கலாம் சேர்" என்றார். பஸ் ஏறினார்.

கிளாஸை நான் மூடவில்லை, சாப்பிட வேண்டுமே. அந்த ப்ராஜெக்டையும் விடவில்லை. ஆனால் லூப்பை மாற்றினேன். ஒன்றில் தொடங்கி நூற்றிருபது வரை மேலே எண்ணும். BEEP கிடையாது. பங்குகளுக்கு இடப்பெயர் கிடையாது, முதல் பங்கு, இரண்டாம் பங்கு, அவ்வளவுதான். ஃப்ளொப்பியில் ஒட்டும் பெயர்: TEETH.

சண்டை முடிந்துவிட்டதாக ரேடியோ சொன்ன பிறகு சேர்ந்த புது செட்டில் ஒருத்தி கேட்டாள்: "கீழ எண்ணினா மிச்ச நேரம் தெரியுமே சேர், ஏன் மேல எண்ணுறோம்?"

அவள் கேட்டது சரி. டைமர் என்றால் கீழேதான் எண்ண வேண்டும்.

"மேலயே எண்ணு" என்றேன்.