ரீஜிஸ் கேட்ட பாயிண்ட் கார்ட்

பிட்ஸ்பர்க்கில் வீடு காலி செய்துகொடுக்கும் தொழிலுக்கு முதுகும் வேண்டும், முழங்காலும் வேண்டும். ஊரெல்லாம் மேடு. பாதி வீடுகளுக்குத் தெருவே கிடையாது, படிக்கட்டுதான். ரீஜிஸ் வொய்டோவிச்சுக்கு முதுகும் முழங்காலும் ஐம்பது வயதைத் தாண்டியும் உழைத்துக்கொண்டிருந்தன. ஆனால் அவரை அந்தத் தொழிலில் இத்தனை காலம் பிடித்துவைத்தது உடம்பல்ல, ஆர்வம். பிறத்தியார் வீட்டுக்குள் காலை வைத்தால் அவருடைய கண் விழித்துக்கொள்ளும். சமையலறையில் கத்தரிக்கோல், நூல்கண்டு, செத்த பேட்டரி எல்லாம் கிடக்கும் இழுப்பறை ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். அதைத் திறந்தால் அந்தக் குடும்பத்தின் ஜாதகமே கையில் கிடைத்த மாதிரி என்பார். கிடைத்ததை வெளியே சொல்ல மட்டும் மாட்டார். ஒரு வீட்டில் பார்த்தது அந்த வீட்டோடு சரி. அவர் மனைவி லொரேன்கூடக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு ஹெரான்ஸ் அணியோடு ஓர் ஏற்பாடு இருந்தது. ஹெரான்ஸ்தான் ஊரின் கூடைப்பந்து அணி. ஓர் ஆட்டக்காரனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் அவன் அன்றைக்கே விமானம் ஏறிவிடுவான். மனைவி, மக்கள், மீன்தொட்டி, சோபா எல்லாம் இங்கேயே நிற்கும். பின்னாலேயே ரீஜிஸின் லாரி போகும்.

ஹெரான்ஸ் என்றால் ரீஜிஸுக்கு உயிர். சில வருஷங்களாக அவர் வாயில் ஒரே மந்திரம்தான், பந்தை நடத்திக் கொண்டுபோகிற ஆள் வேண்டும் என்று: "நமக்கு ஒரு பாயிண்ட் கார்ட் வேணும்."

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் சீக்கிரமே வந்துவிட்டது. இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமைதோறும் மாதா கோயிலின் கீழ்த்தளத்தில் மீன் வறுத்து ஊருக்கே விற்பார்கள். ரீஜிஸ் மீன்துண்டங்களை ரொட்டித் தூளில் புரட்டிக் கொடுப்பார். எண்ணெய்ச் சட்டி டாட்டி ஹ்ருஸ்காவின் கையில். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அம்மாள் அவர். கூட்டத்தையும் கொதிக்கிற எண்ணெயையும் ஒரே குரலில் அடக்குவார். முட்டைக்கோஸ் நறுக்குகிறவர் கிளெம் யூரிக். கடைசியாகப் பேசியவர் யாரோ அவருக்கு எதிர்க்கட்சிதான் கிளெம்.

அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ள இன்னும் சில நாள்தான் கெடு இருந்தது. டேவியன் ரஸ்க் என்ற பாயிண்ட் கார்டை ஹெரான்ஸ் கேட்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு.

"எதுக்கு இன்னொருத்தன்?" என்றார் டாட்டி. "நம்மகிட்ட கிப்ஸ் இருக்கான். மலையாட்டம் நிக்கிறான்."

டெவரோ கிப்ஸ் அணியின் நெட்டையன். ஏழு வருஷமாக இந்த ஊர்ச் சட்டை தவிர வேறு சட்டை போடாதவன்.

"மலை நிக்கும்," என்றார் ரீஜிஸ். "அதுக்குப் பந்த யாரு கொண்டுபோய்க் குடுக்கறது? நேத்து பாத்தீங்கல்ல? கூடைக்குக் கீழ கையத் தூக்கிட்டு நிக்கிறான், பஸ்ஸுக்குக் கை காட்டற மாதிரி. ஒருத்தனும் திரும்பிப் பாக்கல."

"நா பஸ் ஓட்டினவ. கை காட்டினா நிறுத்துவேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். உங்கள மாதிரி ஒரு ஆளு நம்ம டீமுக்கு வேணும்."

டாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கரண்டியால் சட்டியைத் தட்டினார். "அந்த ரஸ்க் பையன் போகாத ஊரே இல்ல. ஒரு ஊருகூட அவன வச்சுக்கலன்னா அவன்கிட்ட ஏதோ கோளாறுன்னுதானே அர்த்தம்?"

"கோளாறு ஊருங்ககிட்டயும் இருக்கலாம்ல?" என்றார் கிளெம்.

"அப்படிக் கேளு கிளெம்!" என்று ரீஜிஸ் துள்ள, கிளெம் உடனே அவர் பக்கம் திரும்பினார்.

"நீ துள்ளாத. சும்மா யாரு தூக்கிக் குடுப்பான்? பதிலுக்கு யாரக் கேப்பான்னு யோசிச்சியா?"

"பெஞ்சுல உக்காந்திருக்கறதுல ரெண்டு பேரக் குடுக்கறது."

"பெஞ்சுப் பசங்கள வாங்கிட்டுப் போக அவனுங்க என்ன பழைய சாமான் கடையா வச்சிருக்காங்க?" என்றார் டாட்டி. "உனக்கென்ன ரீஜிஸ், யாரு போனாலும் யாரு வந்தாலும் உன் லாரி நிறையும். போ, மீனக் குடு."

அடுத்த வியாழக்கிழமை செய்தி வந்தது. ரஸ்க் வருகிறான். கிப்ஸ் போகிறான்.

ஊர் கொந்தளித்தது. வானொலியில் ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டு அழுதார்கள், திட்டினார்கள். வெள்ளிக்கிழமை சமையலறையில் டாட்டி ரீஜிஸோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மீன் மேசையிலிருந்து அவரை நகர்த்தி மூலையில் வெங்காயம் உரிக்க உட்கார வைத்தார். ரீஜிஸும் உட்கார்ந்து உரித்தார். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் நெஞ்சில் ஏதோ மீன்முள் மாதிரி நின்றது.

திங்கட்கிழமை கம்பெனி அவரை கிப்ஸ் வீட்டுக்கே அனுப்பியது.

கதவைத் திறந்தவள் கிப்ஸின் மனைவி மோனிக். தலையில் துணி கட்டியிருந்தாள், கையில் ஒட்டும் நாடா. பாதி வீட்டுச் சாமானை அவளே மூட்டை கட்டி முடித்திருந்தாள். சமையலறை மேடை முழுக்க மூடி போட்ட சாப்பாட்டுப் பாத்திரங்கள்.

"அக்கம்பக்கத்துக்காரங்க கொண்டாந்தது," என்றாள். "மூணு நாளா வந்துட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தரும் பாத்திரத்த வச்சிட்டு, 'இந்த டிரேடுல எங்களுக்குச் சம்மதமே இல்ல'ன்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்க ஹெரான்ஸ் பாப்பீங்களா?"

"பாப்பேன், மேடம்."

"எந்தப் பக்கம் நீங்க? வேணும்ங்கற பக்கமா, வேண்டாம்ங்கற பக்கமா?"

ரீஜிஸ் கையில் காகிதத்தில் சுற்ற எடுத்த காப்பிக் கோப்பை இருந்தது. பொய் சொல்வதற்கு அதைவிட வசதியான சமயம் கிடைக்காது. கேட்கிறவளுக்கும் ஆறுதலாக இருக்கும், சொல்கிறவருக்கும் செலவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அவருக்குப் பொய் வரவில்லை.

"பாயிண்ட் கார்ட் வேணும்னு கத்தினதுல நானும் ஒருத்தன் மேடம். உங்க வீட்டுக்காரரக் குடுத்து வாங்கணும்னு நெனக்கல. ஆனா கத்தினேன்."

மோனிக் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மனம்விட்ட சிரிப்பு. "இத்தன பேரு வந்ததுல நீங்க ஒருத்தர்தான் இப்படிச் சொன்னீங்க. சரி, எதுக்குக் கத்தினீங்க? சொல்லுங்க கேப்போம்."

ரீஜிஸ் கோப்பைகளை மேடையில் அடுக்கிக் காட்டினார். இது கூடை. இதுதான் உங்கள் வீட்டுக்காரர். இவர் இங்கே எதிராளியை மறித்து நின்று, சட்டென்று திரும்பிக் கூடைக்கு ஓடுகிறார். அந்தக் கணம் பந்து வந்தால் யாராலும் தடுக்க முடியாது. ஒரு மூச்சு தாமதித்தால் மூன்று பேர் சூழ்ந்துவிடுவார்கள். நம் ஆட்கள் அந்த ஒரு மூச்சு தாமதிக்கிறார்கள்.

மோனிக்கின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இதே மேடை. இதே கப்பு," என்றாள். "டெவரோவும் இப்படித்தான் வச்சுக் காட்டுவார். ரெண்டு வருஷமா டீம் ஆபீஸ்ல போய்ப் போய்க் கேட்டதே அவர்தான், 'எனக்கு ஒரு பாயிண்ட் கார்டக் கொண்டாங்க'ன்னு." ஒரு கோப்பையை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். "கொண்டாந்துட்டாங்க."

ரீஜிஸ் அடுத்த கோப்பையை எடுத்தார். அதைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "அவரு எப்படி எடுத்துக்கிட்டாரு மேடம்?"

"மொதல்ல சிரிச்சார். அப்புறம் மாடிக்குப் போய் ரொம்ப நேரம் ஷூவெல்லாம் எடுத்து வச்சிட்டிருந்தார். அவ்வளவு ஷூ அவர்கிட்ட இல்ல."

சாயங்காலம் லாரி கிளம்பும்போது மூடி போட்ட பாத்திரங்களில் பாதியை மோனிக் அவர் தலையிலேயே கட்டினாள். அந்த வாரம் முழுக்க லொரேன் சமைக்கவில்லை. "யாரு வீட்டுதுங்க இது?" என்று மட்டும் கேட்டாள். "ஒரு வீட்டுது," என்றார் ரீஜிஸ்.

வெள்ளிக்கிழமை டாட்டி மனமிரங்கி அவரை மீன் மேசைக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார். "பாவம் அந்தப் புள்ள. அவனுக்குத் தெரியாமலே பின்னால குத்திட்டாங்க," என்று புலம்பினார். பதில் ரீஜிஸின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு மீனைப் புரட்டினார்.

மார்ச் தொடக்கத்தில் ரஸ்கின் சாமான்கள் வந்து சேர்ந்தன, இறக்கிவைக்கப் போனவர் ரீஜிஸ். ஆற்றங்கரைப் பக்கம் வாடகை வீடு, குறுகலான மாடிப்படி. ரஸ்க் கதவோரம் நின்று வேடிக்கை பார்க்கவில்லை, தானும் பெட்டி தூக்கினான். தொலைக்காட்சியில் தெரிவதைவிடச் சின்னப் பையனாக இருந்தான்.

கால்வாசிப் பெட்டிகளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பழைய கம்பெனிகளின் ஒட்டுச்சீட்டுகள். பச்சை, ஆரஞ்சு, நீலம். நாடா எதுவும் கிழிபடவே இல்லை. ரீஜிஸின் கண் விழித்துக்கொண்டது. இதைக் கேட்காமல் போனால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது.

"தம்பி, தப்பா நெனக்காத. இதெல்லாம் நீ தெறக்கவே இல்லையா?"

"தெறந்து என்ன சார் பண்றது? அடுக்கி முடிக்கறதுக்குள்ள வேற ஊருக்குப் போன்னுடறாங்க."

"உள்ள என்ன இருக்குன்னாவது தெரியுமா?"

ரஸ்க் யோசித்தான். "சத்தியமா தெரியாது சார்." பிறகு அவனுக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. "ஒண்ணத் தெறப்பமா?"

அடியில் இருந்த கனமான பெட்டியைத் திறந்தார்கள். செய்தித்தாளில் சுற்றிய சின்னச் சின்னப் பொட்டலங்கள். ரஸ்க் ஒன்றைப் பிரித்தான். பீங்கான் சேவல், தலையில் துளைகள். அடுத்தது கோழி. உப்புக்கும் மிளகுக்குமான குடுவைகள். பிறகு ஒரு ஜோடிக் கலங்கரை விளக்கம், ஒரு ஜோடிக் காளான், தொப்பி போட்ட இரண்டு தவளைகள்.

"உங்கம்மாவோடதா?"

"எங்கம்மா பாக்கெட்டக் கிழிச்சு அப்படியே கொட்டுவாங்க சார்." அவன் தவளைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது என் பொட்டியே இல்ல."

பெட்டியின் பக்கவாட்டில், சீட்டுகளுக்கு அடியில், பேனாவால் எழுதியிருந்தது: ஹாரியட், சாப்பாட்டறை. எவருடைய சாமானோ வழியில் கலந்து, அவனோடு ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது. இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். பிறகு ரஸ்க் சிரிப்பை நிறுத்தினான். "யாரோ இதத் தேடிட்டிருப்பாங்கல்ல?"

அடிச்சீட்டின் எண்ணை வைத்துக்கொண்டு ரீஜிஸ் தன் சாப்பாட்டு இடைவேளைகளில் எங்கெங்கோ போன் போட்டார். ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் வேறொருவரைக் காட்டினார். கடைசியில் மினசோட்டாவில் ஒரு கிழவி போனை எடுத்தாள். ஹாரியட் சுண்ட்க்விஸ்ட்.

"தவளை இருக்கா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. "ஐயையோ, நா என் மருமகன்தான் குப்பையில போட்டுட்டான்னு அவன்கூடப் பேச்சையே நிறுத்திட்டேனே! யாரு வச்சிருந்தது?"

"ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரப் பையன் அம்மா. பாயிண்ட் கார்ட்."

"அப்படின்னா?"

"பந்த எடுத்துட்டு வந்து, யாருக்குப் போகணுமோ அவங்களுக்குச் சரியா அனுப்பறவன்."

"நல்லா அனுப்பினான் போ," என்றாள் ஹாரியட். "எத்தன வருஷம்!"

ரீஜிஸ் இதைச் சொன்னபோது ரஸ்க் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பெட்டியை அவனே கட்டினான். உள்ளே கையெழுத்திட்ட சட்டை ஒன்றையும் வைத்தான். மருமகனுக்கு என்றான்.

மார்ச் கடைசியில் கிப்ஸ் தன் புதிய அணியோடு ஊருக்கு ஆட வந்தான். டாட்டி, கிளெம், ரீஜிஸ் மூவரும் அரங்கத்தின் உச்சியில், மலிவு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கிப்ஸின் பேரைச் சொன்னதும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. டாட்டி கைதட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

ஆட்டம் தொடங்கியது. ரஸ்க் பறந்து பறந்து ஆடினான். அவன் கையிலிருந்து பந்து போகும் இடத்திலெல்லாம் ஓர் ஆள் தயாராக நின்றான். கிளெம்கூட எதிர்க்கட்சி பேச மறந்து, "பார்ரா!" என்றார். இத்தனை வருஷம் ரீஜிஸ் ஏங்கியது இதற்குத்தான். ஆனால் அவர் கண் பந்தோடு போகவில்லை. மறுகோடியில் கிப்ஸ் மறித்து நின்றான், திரும்பினான், கூடைக்கு ஓடினான், கையைத் தூக்கினான். பந்து வரவில்லை. மறுபடி ஓடினான். மறுபடி வரவில்லை.

"அங்கயும் அவனுக்கு யாரும் குடுக்கலியே," என்றார் டாட்டி மெதுவாக.

"இல்ல," என்றார் ரீஜிஸ்.

ஹெரான்ஸ் வென்றது. மணி அடித்ததும் கிப்ஸ் நேராக ரஸ்கிடம் போய் அவன் காதில் ஏதோ சொன்னான். ரஸ்க் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். என்ன சொல்லியிருப்பான் என்று ரீஜிஸ் பலவிதமாக யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

வெளியே குளிர் விடவில்லை. பஸ்ஸுக்காக நின்றபோது கிளெம் கையைத் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "எல்லாஞ் சரி. அடுத்த வருஷத்துக்கு நமக்கு ஒரு நல்ல நெட்டையன் வேணும்."

டாட்டி அவர் முதுகில் ஒன்று வைத்தார். "இருந்த நெட்டையன வாரிக் குடுத்துட்டு வந்துட்டான் பாரு!"

வழக்கமாக இந்த இடத்தில் ரீஜிஸ் பேரும் ஊரும் அடுக்க ஆரம்பித்திருப்பார். அன்றைக்கு அவர் கிளெமைப் பார்த்துக் கேட்டார். "பதிலுக்கு யாரக் குடுப்ப?"

"யாரையாவது," என்றார் கிளெம்.

"யாரன்னு பேரச் சொல்லு."

டாட்டி குனிந்து ரீஜிஸின் முகத்தைப் பார்த்தார். "ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையாடா?" என்றார். பஸ் வந்தது. மூவரும் ஏறி, மேட்டில் பஸ் முனகி ஏறி முடிக்கும் வரை ஒவ்வொரு பேராக எடுத்து, யாரைக் கொடுக்கலாம் என்று சண்டை போட்டார்கள். ஒருவனைக்கூடக் கொடுக்க மூவருக்கும் மனசு ஒப்பவில்லை.