தொண்டர் குடித்த தேநீர்

2025 மார்ச் 18, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். பூமரங்களுக்கு நான்கு வாளி தண்ணீர். 7.35 பேருந்து ஆறு நிமிடம் பிந்தி வந்தது. 8.20க்குப் பிரதேச சபையில் வேலை தொடங்கினேன். தீயணைப்புப் பிரிவின் பதிவேடு என் பொறுப்பு. சம்பளக்காரர், பகுதிநேரத்தார், தொண்டர் என்று அதில் மூன்று பட்டியல்கள்.

அன்று சட்ட ஆலோசகரின் கடிதம் வந்திருந்தது. சபையிடம் உணவோ பானமோ பெறும் தொண்டர் இனிப் பகுதிநேர ஊழியராகவே கருதப்படுவார். எங்களிடம் இருந்த ஒரே தொண்டர் ஒரு தபால்காரர். அரசாங்க உத்தியோகத்தர் இன்னோர் இடத்தில் ஊழியராக இருக்க முடியாது. பட்டியல் மாறினால் அவர் தீயணைப்பை விடவேண்டும். லீவு நாளெல்லாம் தீயணைப்பு வாகனத்தைத் துடைத்துக்கொண்டிருப்பவர் அவர். அன்றும் லீவில்தான் வந்திருந்தார். செய்தி கேட்டு என் மேசைக்கு ஓடிவந்தார்.

“அக்கா, ஒரு சோத்துப் பார்சலுக்காக என்னை வெட்டிப்போடாதேங்கோ.”

இனிச் சபையின் பச்சைத்தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று எழுதியும் தந்தார்.

11.15க்கு அரியாலையில் ஒரு வீட்டு விறகுக் கொட்டில் பற்றியது. யார் என்ன வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கச் செயலாளர் என்னையும் அனுப்பினார். பதினெட்டு நிமிடத்தில் தீ அணைந்தது. வீட்டுக்கார அம்மா எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார். தபால்காரர் மட்டும் வேண்டாம் என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் வாய் நனைக்க மறுப்பது அந்த வீட்டாரையே தள்ளிவைப்பதுபோல. அம்மா போய் வாசல் படலையைச் சாத்தினார். தீயணைப்பு வாகனம் உள்ளே நின்றது.

“எங்கடை வீட்டுத் தேத்தண்ணி உமக்கு ஆகாதோ? குடிச்சுப்போட்டுப் போம்.”

அது சபையின் தேநீர் அல்ல, குடிக்கலாம் என்று நான் சொன்னேன். அவர் கோப்பையை வாயருகே கொண்டுபோனபோது சாரதி தொண்டையைச் செருமினார்.

“கரண்ட் நிப்பாட்டினதாலை கிணத்து மோட்டர் ஓடேல்லை, அக்கா. அம்மா தேத்தண்ணிக்கு எங்கடை வண்டியிலைதான் ஒரு வாளி தண்ணி பிடிச்சவ.”

கோப்பை அந்தரத்தில் நின்றது. சாரதியை ஒருவரும் பாராட்டவில்லை. பதிவேட்டை வாகனத்தின் படியில் வைத்து யோசித்தேன். அந்த வீட்டு வளவுக்கென்று இறக்கிய தண்ணீர் சபைக்குத் திரும்பி வராது. ஆகவே அது வீட்டுக்காரருடையது. தேயிலையும் சீனியும் அவருடையவை. கொதிக்கவைத்த நெருப்பும் அவருடையதே. நான்கையும் வரிசையாக எழுதினேன்.

“குடியும், தம்பி.”

ஒரே மூச்சில் குடித்தார். அம்மா உடனே இரண்டாவது கோப்பையை ஊற்றினார். அதையும் எழுதினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பதிவேட்டைச் செயலாளரிடம் கொண்டுபோனேன். இரண்டு தரம் வாசித்தார். பால் ஆருடையது என்று கேட்டார். பால் விடாத வெறும் தேநீர் என்றேன். தொண்டர் பட்டியலின் கீழ் ஒப்பமிட்டுத் தந்தார்.