பாக்கியம் பெட்டியை எடுக்கச் சொன்ன நாள்

என் தங்கை பாக்கியலெட்சுமி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் ஐந்தாவது வரை போனேன். இருந்தாலும், நாய் வளர்ப்பதில் சந்தேகம் வந்தால் பண்டாரவளையிலிருந்து கார் பிடித்து ஆட்கள் தேடி வந்தது அவளைத்தான். "குட்டியை ராத்திரியில் எப்போது பெட்டிக்கு வெளியே விடலாம்?" என்பதுதான் அநேகமாக எல்லோரும் கேட்ட கேள்வி. ஆறு மாதம், எட்டு மாதம் என்று அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. "அது உங்கள எழுப்புதா? எழுப்புனா விடுங்க" என்பாள். இந்த ஒரு வரி பதிலை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதைக் கூட இருந்து பார்த்தவன் நான். அதனால் அதைத் தவறில்லாமல் எழுதி வைக்கிறேன்.

1968ஆம் வருடம். பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். நான் அங்கே ஃபேக்டரி காவலாள். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடுவதற்கு, மணி அடிப்பதும் என் பொறுப்பு. மணி என்றால் கோயில் மணி அல்ல. கம்பியில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. காலை ஐந்துக்கு முதல் மணி. தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுவதும் அந்தச் சத்தத்தில்தான் எழும். அடித்த நேரத்தை அன்றன்றைக்கு ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. நாளை ஒருவன் "இன்னைக்கு மணி பிந்திருச்சு" என்று சொன்னால் காட்டுவதற்கு ஒன்று வேண்டுமல்லவா?

பாக்கியத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தோட்ட மேனேஜர் துரையின் பங்களா வேலியோரத்து மலையில் பறிக்கும்போது, பங்களா சமையற்காரர் தம்பையா அப்பு ஒரு புது நாய்க்குட்டியை முன்கால்களைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறாள்.

"அப்பு! அது என்ன கோழியா? வயித்துக்கு அடியில கைய வச்சுத் தூக்குங்க!" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே சத்தம் போட்டாள்.

அப்பு திரும்பி, "நீ ஒன் கூடையப் பாரு புள்ள" என்றார். ஆனால் விறாந்தையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த துரை அதைக் கேட்டுவிட்டார். மறுநாளே பாக்கியம் பங்களாவில் நாய் பார்க்கும் ஆள். செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் அவள் பெயர் பங்களா வேலைக்கு மாறியது. லயத்தில் அவளுக்கு "நாய்க்கார மகாராணி" என்று பெயரும் வந்தது. அவள் அதற்குச் சிரிப்பாளே தவிரக் கோபப்பட மாட்டாள்.

குட்டிக்கு ரோவர் என்று பெயர். தோட்டத்து ஆசாரியிடம் சொல்லி, இரண்டு தேயிலைப் பெட்டிகளை ஒன்றாகச் சேர்த்து, உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்து, ஆணி முனைகளை மடக்கி, முன்பக்கம் கம்பிவலைக் கதவு போட்டுக் கொடுத்தார்கள். அதைப் பங்களாவின் நடையில் வைத்தார்கள். வெளியே கட்டிப்போட முடியாது. இராத்திரியில் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போகும் இடம் அது. ரோவர் பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும். தன் படுக்கையை ஒருநாளும் நனைக்காது. பாக்கியம் பிந்திவிட்ட ஒருநாள் பெட்டிக்குள் விடிந்து ஏழு மணி வரைக்கும் அடக்கிக்கொண்டு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். சமையல் நடக்கும் குசினிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் பாக்கியம் படுத்தாள். முதல் மணிக்கு எழுந்து குட்டியை வெளியே விடுவாள்.

ஜூன் மாதத்தில் சிக்கல் வந்தது. ரோவருக்குப் பெட்டி பத்தவில்லை. உள்ளே நிமிர்ந்து நின்றால் முதுகு பலகையில் இடித்தது. அதே நேரத்தில், பிரசவத்துக்குக் கொழும்பு போயிருந்த துரைசானி, ஜூலைக் கடைசியில் கைக்குழந்தையோடு திரும்புகிறார் என்று கடிதம் வந்தது. துரை பாக்கியத்தைக் கூப்பிட்டார். அவர் நல்ல மனிதர்தான். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இதைவிடப் பெரிய பெட்டி இந்த நடைக்குள்ள வைக்க ஏலாது. வெள்ளைக்காரன் வீடு மாதிரி நாய் நடையில சும்மா படுக்கணும், விரிப்ப நனைக்கக் கூடாது. ஏலாதுன்னா சொல்லு, ஹல்துமுல்லையில என் கூட்டாளி மரக்கறித் தோட்டம் வச்சிருக்கார். சங்கிலி போட்டுக் கட்டிக்குவார்."

"நாய் போனா நான் என்ன செய்றதுங்க தொரை?"

"நாய் இல்லாட்டி நாய் பாக்க ஆள் எதுக்கு? கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டியதுதான்."

அவள் மலைக்குப் பயந்தவள் அல்ல. சங்கிலி என்ற சொல்தான் அவளைச் சுட்டது. "ஜூலை முடியிறதுக்குள்ள படுக்கும்ங்க தொரை" என்று சொல்லிவிட்டு வந்தாள். என்ன தைரியத்தில் சொன்னாள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அவள் செய்ததெல்லாம் படிப்படியாகத்தான். பகலில் பெட்டிக் கதவைத் திறந்தே வைத்தாள். குட்டி தானாகப் போய் உள்ளே படுக்கிறதா என்று பார்த்தாள், படுத்தது. துரையின் பழைய செருப்பு ஒன்றை நடையில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் குசினியிலிருந்தே கவனித்தாள். முதல் வாரம் கடித்தது, இரண்டாம் வாரம் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. பிறகு ராத்திரியில் நடையில் விட ஆரம்பித்தாள். காலையில் விரிப்பு காய்ந்திருந்தால் குசினிக் கதவுக்குப் பின்னால் சுவரில் கரியால் ஒரு கோடு; ஈரமாயிருந்தால் ஒரு வட்டம்.

ஒரு மாதம் முடியும்போது இருபத்தைந்து கோடு, நான்கு வட்டம்.

அந்த நான்கு வட்டத்தால்தான் எல்லாம் கெட்டது. ஐந்து நாள் ஆறு நாள் ஒழுங்காக இருக்கும், துரையும் சந்தோஷப்படுவார். திடீரென்று ஒருநாள் காலையில் சாப்பாட்டு அறை விரிப்பில் குளம் கட்டியிருக்கும். அப்புவுக்கு அதில் ஒரு திருப்தி.

"பாத்தியா பாக்கியம்? திமிரு. அடிச்சு ஒருநாள் பூராப் பெட்டியில போட்டுப் பூட்டு. புத்தி வரும்."

"பெட்டி அதுக்கு வீடு அப்பு. வீட்டையே ஜெயிலாக்கிட்டா அப்புறம் எங்க போயித் தூங்கும்? ஒங்களக் குசினியில வச்சுப் பூட்டுனா சோறு நல்லா ஆக்குவீங்களா?"

"நான் விரிப்புல போக மாட்டேன் தாயி."

"அதான, ஒங்களுக்குத்தான் வாய் இருக்கே. கதவத் தெறன்னு கேப்பீங்க" என்றாள்.

சொல்லிவிட்டுக் குசினிக் கதவையே பார்த்தாளாம். அப்பு பிற்பாடு என்னிடம் சொன்னார்: "ஒன் தங்கச்சி அப்படியே மரம் மாதிரி நின்னா கந்தப்பா. நான் ஏதோ சொல்லிக் காயப்படுத்திட்டேன்னு பயந்துட்டேன்."

அன்று மாலை அவள் நேராக ஃபேக்டரிக்கு வந்தாள். "அண்ணே, ஒங்க மணிக் கொப்பியக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்களேன். தின்னுற மாட்டேன்."

கொப்பியில் எழுதியதைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு போனாள். அந்த வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அதற்குப் பதிலாக, நிலாக் கணக்கில் வரும் போயா நாள்தான் வாரத்து லீவு. அதனால் லீவு ஒரே கிழமையில் வராது. ஒரு தடவை ஏழு நாளில் வரும், இன்னொரு தடவை எட்டு நாளில், சிலசமயம் ஆறிலேயே வந்துவிடும். போயா அன்று பெரட்டு இல்லை. பெரட்டு இல்லாத நாளில் மணி இல்லை. அந்தத் தேதிகளுக்கு நேரே நான் "மணி இல்லை" என்று எழுதியிருந்தேன். பாக்கியம் மனதிலிருந்த தன் வட்டங்களை அந்தத் தேதிகளோடு விரல் விட்டு எண்ணிப் பொருத்தினாள். நான்கு வட்டமும் நான்கு "மணி இல்லை"யில் போய் விழுந்தன.

"அண்ணே, தப்பு நாய் மேல இல்ல. ஒங்க மேல."

"நான் என்னடி செஞ்சேன்? ஒரு நிமிசம் பிந்தினது கெடையாது!"

"அதத்தான் சொல்றேன். ஒங்க மணி கேட்டதும் அது எந்திரிச்சு குசினிக் கதவுகிட்ட வந்து நிக்குது. நானும் மணிக்குத்தான் வந்து தெறக்கிறேன். போயா அன்னைக்கு மணி இல்ல, நானும் அர மணி நேரம் சேத்துத் தூங்குறேன். கதவு தானாத் தெறக்கும்னு அது காத்திருந்து பாக்குது, தெறக்கல. பெட்டிக்குள்ள இருந்தா தன் படுக்கைன்னு அடக்கும். வெளிய இருக்கிறப்ப விரிப்புல போயிருது. நம்மளக் கூப்புடணும்னே அதுக்குத் தெரியாது. ஒருநாளாவது கேக்க விட்டிருக்கோமா?"

எனக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் பெருமை. நான் மணி அடிக்க வந்த பத்து மாதத்தில் ஒருநாளும் பிசகாத மணி, ஒரு நாயை இப்படிக் கெடுத்திருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு யோசனையும் சொன்னேன். "அப்படின்னா போயா அன்னைக்கும் நான் மெதுவா ரெண்டு தட்டு தட்டுறேனே?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கு! லீவு நாள்ல மொத்த லயமும் கூடையத் தூக்கிக்கிட்டுப் பெரட்டுக் களத்துக்கு வந்து நிக்கும். கங்காணி ஒங்களத்தான் பெட்டியில போட்டுப் பூட்டுவாரு."

மறுநாளிலிருந்து அவள் மணிக்கு எழுவதை நிறுத்தினாள். ஒருநாள் நாலரைக்கே எழுந்து, குசினிக் கதவுக்கு இந்தப் பக்கம் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பாள். இன்னொரு நாள் மணி அடித்து ஓய்ந்து இருபது நிமிடம் ஆன பிறகும் திறக்க மாட்டாள். ரோவர் கதவைப் பிராண்டினாலோ முனகினாலோதான் திறப்பாள். முதல் இரண்டு காலையில் அது ஒன்றும் கேட்கவில்லை; இரண்டு வட்டம் கூடியது. மூன்றாம் காலை மெல்ல ஒரு பிராண்டல். அந்த நொடியே கதவைத் திறந்து, புல்லுக்கு அழைத்துக்கொண்டு போய், அங்கேயே உட்கார்ந்து அதைத் தடவிக் கொடுத்திருக்கிறாள். பத்து நாளில் அப்புவின் அறைக் கதவையும் பிராண்டக் கற்றுவிட்டது. அப்பு எழுந்து வந்து திட்டுவார், திட்டிக்கொண்டே திறப்பார். பாக்கியம் அவரிடம் கேட்டிருந்ததும் அதைத்தான்.

நடுவில் வந்த ஒரு போயாவில் விரிப்பு காய்ந்திருந்தது. கரிக்கோடு போட்டாள். போயாக் கணக்கை அவளிடம் கேட்டறிந்திருந்த துரை அதைப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் பத்தாது பாக்கியம். அடுத்த போயாவுக்கு மறுநாள் துரைசானி வாறாங்க. அந்தப் போயாவும் பாப்போம். அது நனைஞ்சா ஹல்துமுல்லை" என்றார்.

ஜூலைக் கடைசி அமாவாசைப் போயா. அதற்கு முதல் நாள் மாலை பாக்கியம் துணியை மாற்றிக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டாள். நான் பதறிப்போனேன்.

"இன்னைக்கா வருவ? இன்னைக்குத்தான நீ அங்க இருக்கணும்?"

"நான் இருந்தா என் வாசனைக்கு வந்து என்னத்தான் எழுப்பும். நாளன்னிக்குத் தொரைசானி கைப்புள்ளையோட வந்தப்பறம், எனக்குக் காய்ச்சல்னா யார எழுப்பும்? அப்புவையும் லீவுக்குப் பதுளைக்குப் போகச் சொல்லிட்டேன். பங்களாவுல தொரையும் அதுவும் மட்டுந்தான்."

"தொரையோட கதவ அது ஒருநாளும் பிராண்டினது இல்லியே புள்ள!"

"பாப்போம்ணே. கதவு கதவுதான." படுத்தவள் உடனே தூங்கியும் போனாள். நான்தான் தூங்கவில்லை.

விடிந்து ஆறு மணிக்கு இரண்டு பேரும் பங்களாவுக்கு ஏறினோம். தென்மேற்குக் கச்சான் காற்று சவுக்கு மரங்களை வளைத்துக்கொண்டிருந்தது. குசினிக் கதவைத் திறந்து உள்ளே போனதும் பாக்கியம் முதலில் சாப்பாட்டு அறை விரிப்பைத்தான் தொட்டுப் பார்த்தாள். முழங்காலில் நின்று, நான்கு மூலையும் தடவினாள். காய்ந்திருந்தது. நடையும் காய்ந்திருந்தது. ஆனால் நாயைக் காணோம். துரையின் அறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது, கட்டில் காலி.

அவள் முகம் அப்போதுதான் ஒரு நொடி மாறியது. "சிறுத்தை..." என்று நான் ஆரம்பித்தேன். "வாய மூடுங்க அண்ணே" என்றாள்.

முன்பக்கப் புல்லிலிருந்து துரை வந்துகொண்டிருந்தார். சாரம் முழங்கால் வரை பனியில் நனைந்திருந்தது. ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் அப்புவின் செருப்பு. ரோவர் அவருக்கு முன்னால் ஓடி வந்து பாக்கியத்தின் மேல் பாய்ந்தது.

"வா பாக்கியம்," என்றார் துரை. "போயா அன்னிக்காவது கொஞ்சம் நித்திரை கொள்ளலாம்னு பாத்தா, நாலே முக்காலுக்கு வந்து கதவப் பிராண்டுது! பேசாமக் கெடந்தேன். விடுமா? கதவத் தள்ளித் தெறந்து, கட்டிலுக்கு வந்து, போர்வையப் புடிச்சு இழுக்குது."

"மன்னிச்சுக்கங்க தொரை."

"என்னத்துக்கு மன்னிப்பு? வெளியில விட்டதும் நேரா அந்த மரத்தடிக்குப் போய் வேலைய முடிச்சிட்டு, என்னை ஒரு மணி நேரம் புல்லுல ஓட வச்சது." அவர் நடையில் நின்று பெட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "என்ன சொல்ற? பெட்டிய எடுத்திறலாமா?"

துரை ஒரு தோட்டத்துப் பெண்ணிடம் அப்படிக் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் கொஞ்சமும் தயங்கவில்லை.

"எடுக்கச் சொல்லுங்க தொரை. ஆனா சாப்பாட்டு அறைக் கதவ ஒரு மாசத்துக்கு ராத்திரியில சாத்தியே வைங்க. கொழந்தையோட தொட்டிலு இருக்கிற அறையையும். நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் அது இன்னும் சின்னப் புள்ளதான்."

"அவ்வளவுதானா?"

"தொரையும் கூப்பிட்ட ஒடனே எந்திரிக்கணுங்க. பேசாமக் கெடந்தீங்கன்னா, கேட்டுப் பிரயோசனம் இல்லைன்னு அது மறுபடியும் விரிப்புக்குத்தான் போகும்."

துரை வாய்விட்டுச் சிரித்தார். பெட்டியின் ஒரு பக்கத்தை அவரே பிடித்தார். மறுபக்கத்தை நான் பிடித்தேன். இரண்டு பேருமாக அதைக் குசினி வழியாக வெளியே தூக்கிக்கொண்டு போனோம். பாக்கியம் சாப்பாட்டு அறைக் கதவைச் சாத்திவிட்டு, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.