ஆறு மணிக்கு மச்சான் அடித்த மணி

நனைந்த ஜமுக்காளத்தின் வாசனை... பின்னால் கண்மாயில் தவளைகள் போட்ட கூச்சல்... இருபது வருஷம் ஆகியும் அந்தச் சாயங்காலம் எனக்குள் அப்படியே இருக்கிறது.

அப்போது இலுப்பூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தேன். ஆவூர்ப் பக்கம், அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில், மாதா கோயில் மைதானத்தில் ஒரு கச்சேரி. புல்லாங்குழலும் கீபோர்டுமாக தியானத்துக்குப் போடுகிற மாதிரி நியூ ஏஜ் மியூசிக் வாசிக்கிறவர். "இயற்கைதான் என் குரு" என்று சொல்லி, ஊர் ஊராகத் திறந்தவெளியில் வாசித்து லைவ் ரெக்கார்டிங் செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு மிக்ஸரிலிருந்து கேசட்டில் பிடித்தது நான்.

கோயில் மணி அடிப்பது அக்கா வீட்டுக்காரர், ஆரோக்கியம் மச்சான். சாயங்கால ஜெப மணியை அரைமணி நேரம் தள்ளி அடிக்கச் சொல்லி இசைக்காரரின் மேனேஜர் அவரிடம் வந்து நின்றார்.

"கண்மாய்த் தவளைககிட்டயும் சொல்லிட்டீகளா?" என்றார் மச்சான்.

சரியாக ஆறுக்கு அடித்தார். அந்த மணி கேட்டால் போட்டது போட்டபடி எழுந்து, கண்ணை மூடி ஜெபம் சொல்வது அந்த ஊர் வழக்கம். மொத்தக் கூட்டமும் எழுந்தது. தன் வாசிப்புக்குத்தான் எழுந்தார்கள் என்று நினைத்துவிட்டார் இசைக்காரர். நிறுத்திவிட்டு, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து குனிந்து வணக்கம் சொன்னார். ஒருவரும் கண் திறக்கவில்லை. பாவம், அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே...

கடைசி மணி ஓய்ந்ததும் மச்சான் கயிற்றைப் பிடித்தபடியே சத்தம் போட்டார்: "அம்புட்டுத்தாங்க, முடிஞ்சிருச்சு. இனி நீங்க வாசிங்க!"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். மணியின் சுருதியையே பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார் பாருங்கள்... அன்றைக்கு அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை வந்தது.

மச்சான் போய் நாலு வருஷம். அவர் குரல் இருந்தது என்னிடமே தங்கிவிட்ட அந்த ஒரு கேசட்டில்தான். போன வருஷம் அந்த இசைக்காரரின் ஆள் ஒருவர் போன் செய்து, ஆல்பம் போடுகிறோம், ஒரிஜினல் வேண்டும் என்றார். காப்பிகூட எடுக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இப்போது ஆப்பில் வந்திருக்கிறது. அட்டையில் பனிமலை, மூங்கில் காடு! எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்தை விட்டால் வேறென்ன காடு இருக்கிறது? 'இயற்கையின் நேரடிப் பதிவு' என்று வேறு போட்டிருக்கிறார்கள். தவளை இல்லை. எந்த நாட்டுப் பறவையோ கூவுகிறது. மணி இல்லை, சிரிப்பு இல்லை, மச்சானும் இல்லை.

போன் போட்டுக் கத்தினேன். "நாய்ஸ் எல்லாம் கிளீன் பண்ணிட்டோம் சார்" என்றான் ஒருவன். கேசட்? "ஸ்டுடியோ மாத்துனப்ப எங்க போச்சுன்னு தெரியல சார்."

நாய்ஸாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இயற்கை குரு என்றார்களே, அந்தக் குருவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் லைவ்!

அந்தக் கோயிலில் இப்போது டைமர் வைத்த ஸ்பீக்கர்தான் ஆறு மணிக்கு அடிக்கிறது. பாதிப் பேர் போனிலிருந்து தலை தூக்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். விஷயத்தை நான் சொல்வதற்குள், "அத்தை, மாமா கச்சேரி வந்திருச்சு" என்று என் மகள் அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

அக்கா முக்காடு போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள், மணிக்காக.

பாட்டு முடிகிற வரைக்கும் நின்றாள்.

"அவுக எப்பத் தம்பி பேசுவாக?" என்று கேட்டாள்.